தண்டவாளம் போனது, தடம் இருக்கிறது

லா வூல்த் ஊரிலிருந்து கிளம்பும் சைக்கிள்காரருக்கு முதல் சில கிலோமீட்டர் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் ரோன் நதி அகன்று ஓடுகிறது. இன்னொரு பக்கம் நெடுஞ்சாலை இரைகிறது. அவ்வப்போது நீளமான சரக்கு ரயில் ஒன்று தடதடத்துக் கடக்கிறது. இதற்காகவா பிரான்சின் தென்கிழக்கு மூலைக்கு இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றும் நேரத்தில், போஷாஸ்தெல் அருகே பாதை மேற்கே திரும்பி எரியூ நதியின் பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. லாரிச் சத்தம் தேய்கிறது. டயருக்கு அடியில் சரளை நறநறக்கும் ஓசை அப்போதுதான் முதன்முதலாகக் காதில் விழுகிறது.

இனி மலைமேல் ஊர்வரை அந்த ஓசைதான் துணை.

இந்தப் பாதைக்கு தோல்சே வியா என்று இத்தாலிய மொழியில் பெயர் வைத்திருக்கிறார்கள். 'இனிய வழி' என்று பொருள். ஆர்தேஷ் மாவட்டத்தில் எரியூ நதியை ஒட்டி லு ஷெலார் என்ற சிற்றூர்வரை சுமார் 48 கிலோமீட்டர் ஏறுகிறது. அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை வடக்கே சேந்த் அக்ரேவ் என்ற மலையூருக்கும், மற்றொன்று வடகிழக்கே லமாஸ்த்ர் என்ற சந்தையூருக்கும் போகின்றன. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். இடையிடையே ஊர்ச்சாலைகளைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கிறது. மற்றபடி காரும் கிடையாது, மோட்டார் சைக்கிளும் கிடையாது.

இது வெறும் வேண்டுகோள் அல்ல, சட்டம். பிரெஞ்சுக்காரர்கள் இத்தகைய வழியை 'வுவா வெர்த்', அதாவது பசுமைவழி, என்கிறார்கள். 2004ஆம் ஆண்டிலிருந்து அந்நாட்டுப் போக்குவரத்து விதிகளில் அதற்குத் தனி வரையறை உண்டு: மோட்டார் இல்லாத வண்டிகள், நடப்பவர்கள், குதிரையேறி வருபவர்கள் ஆகியோருக்கு மட்டும். பள்ளிக்கூடத்துப் பையனும், குழந்தை வண்டியைத் தள்ளும் தாத்தாவும், நாற்பது கிலோ மூட்டையோடு நாடு சுற்றும் சைக்கிள் பயணியும் ஒரே தடத்தைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். வேகமாக வருபவர் மணியடித்து, வேகம் குறைத்து, ஒரு வணக்கம் சொல்லிக் கடக்க வேண்டும். சொல்லாமல் போனால் முறைப்பார்கள்.

பாதை ஏன் இவ்வளவு சாதுவாக ஏறுகிறது என்பதற்கு விடை அதன் பிறப்பில் இருக்கிறது. இது ரயில் ஓடிய தடம். 1879இல் பிரெஞ்சு அமைச்சர் ஷார்ல் த ஃப்ரேசினே, நாட்டின் சிற்றூர்களுக்கெல்லாம் ரயில் கொண்டுபோகும் பெருந்திட்டம் ஒன்றை முன்வைத்தார். அதையொட்டி எழுந்த கிளைப்பாதைகளில் ஒன்றாக, 1890களின் தொடக்கத்தில் எரியூ பள்ளத்தாக்குக்குள் ரயில் நுழைந்தது. அடுத்த பத்தாண்டுகளில் சேந்த் அக்ரேவ் மேட்டையும் எட்டிவிட்டது. போட்டது மீட்டர் கேஜ். எழும்பூரில் மீட்டர் கேஜ் வண்டி ஏறிய தலைமுறைக்கு அந்த அகலம் நன்றாகவே தெரியும்.

மலையில் குறுகிய பாதைக்கு ஒரு வசதி உண்டு. வளைவுகளை நெருக்கமாகப் போடலாம். அகலப் பாதையென்றால் மலையைக் குடைந்தும் பள்ளத்தைத் தாண்டியும் நேராகப் போயாக வேண்டும், செலவு தாங்காது. மீட்டர் கேஜோ ஆறு நெளியும் இடமெல்லாம் தானும் நெளிந்தது. அந்த வளைவுகளில் திரும்புவதற்காகவே நடுவில் மடங்கும் அமைப்புகொண்ட மாலே ரக நீராவி எஞ்சின்களை ஓட்டினார்கள். ஆனால் செங்குத்தான ஏற்றம் மட்டும் எந்த ரயிலுக்கும் ஆகாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கிவிடும். ஆகவே பொறியாளர்கள் ஏற்றத்தைக் கிலோமீட்டர் கணக்கில் பிரித்துப் பரப்பினார்கள். லா வூல்த் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 100 மீட்டர். லு ஷெலார் சுமார் 430. கிலோமீட்டருக்கு ஏழு மீட்டர்தான் உயர்வு. காலுக்கு அது ஏற்றம் என்றே தெரிவதில்லை. திரும்பிவரும்போது மிதிக்காமலேயே வண்டி உருளும், அப்போதுதான் தெரியும்.

1968இல் ரயிலை நிறுத்தினார்கள். தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். பாலங்கள், தாங்குசுவர்கள், சுரங்கங்கள் எல்லாம் புதருக்குள் கிடந்தன. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் புதரை வெட்டி, நொறுக்கிய கல்லைப் பரப்பி, உருளை ஓட்டி இறுக்கினார்கள். தாரும் சிமெண்டும் பெரும்பாலும் இல்லை. மழைநீர் உள்ளே இறங்கும், வெயிலில் தகிக்காது, நடப்பவர் முழங்காலுக்கும் நல்லது. கிரேவல் பைக் என்ற புதுவகை சைக்கிளுக்கு இதைவிடத் தோதான தரை கிடைக்காது.

கிரேவல் பைக் என்பது பந்தய சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் நடுவில் பிறந்த பிள்ளை. பந்தய சைக்கிளைப் போல வளைந்த ஹேண்டில் பார். ஆனால் டயர் 35 முதல் 45 மில்லிமீட்டர்வரை அகலம். காற்றும் குறைவாகவே அடிப்பார்கள். சரளையில் டயர் அமுங்கிக் கொடுப்பதால் அதிர்ச்சி கைக்கு வராது, பிடிமானமும் கிடைக்கும். அமெரிக்காவின் கான்சாஸ் மண்சாலைப் பந்தயங்களில் புகழ்பெற்ற இந்த வகைக்கு 2022இல் இத்தாலியில் முதல் உலக வாகையர் போட்டியே நடந்தது. பெண்கள் பிரிவில் வென்றவர் பிரான்சின் போலின் ஃபெரான் ப்ரேவோ.

பெயர் புதிதே தவிர, பிரெஞ்சுக்காரர்களுக்கு வேலை பழசு. பக்கத்து நகரமான சேந்த் எத்தியேனில் வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய போல் த விவி, 1887இல் சைக்கிள் பத்திரிகை தொடங்கி, பல கியர்கள் வேண்டுமென்று வாதாடி, மலைச்சாலைகளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிக்காட்டினார். அப்போது தார்ச்சாலை எங்கே இருந்தது? எல்லாமே சரளைதான். சைக்கிளுக்கு வருமுன் அவர் செய்த தொழில் பட்டு வியாபாரம்.

பட்டு என்ற சொல்லை இந்தப் பள்ளத்தாக்கில் தவிர்க்க முடியாது. போஷாஸ்தெல் தாண்டியதும் மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகக் கல் அடுக்கிய வரப்புகள் தெரிகின்றன. சுண்ணாம்பு, சாந்து ஏதுமின்றிக் கல்லின்மேல் கல் வைத்துக் கட்டியவை. ஊர்க்காரர்கள் 'ஃபைஸ்' என்கிறார்கள். ஒரு காலத்தில் இந்தப் படிகளில் முசுக்கொட்டை மரங்கள் நின்றன. ஆர்தேஷில் பிறந்த வேளாண் அறிஞர் ஒலிவியே த சேர், நான்காம் ஹென்றி மன்னரின் ஆதரவோடு 1600 வாக்கில் பட்டு வளர்ப்பைப் பரப்பியவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆற்றின் ஓட்டத்தால் சக்கரம் சுழலும் பட்டுநூல் முறுக்கு ஆலைகள் கரையெங்கும் எழுந்தன. வரிசையாக உயர்ந்த ஜன்னல்களுடன் நீளமாக, கல்லால் கட்டிய அந்த ஆலைகளில் சில இன்றும் நிற்கின்றன. லே ஸோலியேர் ஊரை நெருங்கும்போது கண்ணில் படும் பழைய ஆலைச்சுவர்களைக் கோட்டை என்று எண்ணிப் படமெடுப்பவர்கள் உண்டு. உள்ளே வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் சுற்றுக் கிராமங்களின் இளம்பெண்கள்.

1850களில் பட்டுப்புழுவுக்குப் பெப்ரின் என்ற நோய் வந்தது. லூயி பாஸ்டர் தெற்கே அலேஸ் நகரில் 1865 முதல் சில ஆண்டுகள் தங்கி, நோயில்லாத முட்டைகளைப் பிரிக்கும் வழியைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். ஆனாலும் பழைய செழிப்பு திரும்பவில்லை. ஆசியப் பட்டும், பின்னர் செயற்கை இழையும் வந்து மிச்சத்தை முடித்தன. முசுக்கொட்டை நின்ற படிகளில் விவசாயிகள் பீச் மரம் வைத்தார்கள். ரயில் வந்தபின் காலையில் பறித்த பழம் தொலைதூர நகரச் சந்தைகளுக்குப் போயிற்று. சேன் லோரான், சேன் ஃபோர்த்துனா ஊர்களைச் சுற்றி எஞ்சிய தோப்புகள் மார்ச் மாதத்தில் இளஞ்சிவப்பாகப் பூக்கின்றன. அந்த இரண்டு மூன்று வாரங்களுக்காகவே நாள் பார்த்து வரும் சைக்கிள்காரர்கள் இருக்கிறார்கள்.

ஆறு பார்ப்பதற்குச் சாது. கோடையில் உருண்டைக் கற்களுக்கிடையே முழங்கால் ஆழத்துக்கு, கண்ணாடிபோல் தெளிந்து ஓடும். பாதையோரமாக வண்டியைச் சாய்த்துவிட்டு இறங்கிக் குளிக்க ஐம்பது இடம் உண்டு. இதை நம்பி இலையுதிர்காலத்தில் மெத்தனமாக இருக்கக் கூடாது. மத்தியதரைக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைகளில் மோதிக் கொட்டும்போது, சில மணி நேரத்தில் ஆறு கரையை விழுங்கிவிடும். 1857 செப்டம்பரில் வந்த வெள்ளம் பாலங்களையும் ஆலைகளையும் வாரிக்கொண்டு போனது. செப்டம்பர், அக்டோபரில் வருபவர் காலையில் வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுகிறார்.

லே ஸோலியேருக்குத் தெற்கே மலைமேல் ப்ரான்ல் என்ற கிராமம். பாதையிலிருந்து விலகித் தார்ச்சாலையில் மூச்சு வாங்க ஏற வேண்டும். அங்குள்ள பூஷே என்ற குக்கிராமத்துக் கல்வீட்டில் 1711இல் மரி துரான் பிறந்தார். புரொட்டஸ்டன்ட் வழிபாடு குற்றமாக இருந்த காலம் அது. 1730இல், பத்தொன்பது வயதில், அவரைப் பிடித்துக்கொண்டுபோய் எக்மோர்த் நகரக் கோபுரச் சிறையில் அடைத்தார்கள். மதத்தை விட்டுவிடுகிறேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வெளியே வந்திருக்கலாம். சொல்லவில்லை. 38 ஆண்டுகள் கழித்து 1768இல்தான் விடுதலை. அந்தச் சிறைக் கல்லில் 'எதிர்த்து நில்' என்று கீறப்பட்ட சொல்லை அவர் எழுதியதாகவே மக்கள் சொல்கிறார்கள். வீடு இன்று அருங்காட்சியகம். பள்ளத்தாக்கின் பல ஊர்களில் கத்தோலிக்கக் கோயிலும் புரொட்டஸ்டன்ட் கோயிலும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்பதன் காரணம் இங்கே வந்தவர்களுக்கு விளங்கும்.

சேன் சோவர் த மோந்தகூவில் எல்லோரும் இறங்குகிறார்கள். காரணம் ஐஸ்கிரீம். 1990களில் இவ்வூரில் தொடங்கிய தேர் அதேலிஸ் என்ற நிறுவனம் இயற்கை வேளாண் பழங்களிலிருந்து ஐஸ்கிரீம் செய்கிறது. கஷ்கொட்டைச் சுவைதான் இம்மண்ணின் அடையாளம். கஷ்கொட்டை இந்த மலைகளின் சோறு. கோதுமை விளையாத சரிவில் அந்த மரம்தான் குளிர்காலத்துக்குச் சாப்பாடு போட்டது. 'ரொட்டி மரம்' என்றே அழைத்தார்கள். 'க்ளேத்' எனப்படும் சிறு கல்வீட்டில், மேல்பரணில் கஷ்கொட்டையைப் பரப்பி, கீழே வாரக்கணக்கில் புகைமூட்டம் போட்டு உலர்த்தினார்கள். பக்கத்து ப்ரிவா நகரில் 1885இல் க்ளெமான் ஃபோஜியே அதைச் சர்க்கரையோடு மசித்து டப்பாவில் அடைத்தார். இன்றும் பிரெஞ்சு வீடுகளின் காலை மேசையில் அந்த டப்பா இருக்கிறது. ஆர்தேஷ் கஷ்கொட்டைக்கு 2006இல் புவிசார் பெயர்க்காப்பும் கிடைத்தது.

இதற்கு மேலே பள்ளத்தாக்கு ஒடுங்குகிறது. தோப்புகள் முடிந்து காடு. பாறையைக் குடைந்த சுரங்கங்கள் வருகின்றன. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் சில நொடி ஒன்றுமே தெரியாது, குளிர் முகத்தில் அறையும். சைக்கிளில் விளக்கு இருந்தால் நல்லது. கல்வளைவுப் பாலங்களில் நின்று எட்டிப் பார்த்தால் கீழே ஆறு நூலாகத் தெரிகிறது. பழைய ரயில் நிலையங்கள் சில இப்போது வீடு, சில காப்பிக்கடை, சில தங்கும் விடுதி. நடைமேடையின் விளிம்புக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது. வண்டிக்குக் காத்திருந்தவர்கள் நின்ற இடத்தில் சைக்கிள்கள் சாய்ந்து நிற்கின்றன. ஷலான்சோன் என்ற இடைக்கால ஊர் உச்சியில் இருக்கிறது, அதன் நிலையம் கீழே ஆற்றோரம் இருக்கிறது. சந்தைக்குப் போன அந்தக் கால மனிதர்கள் ரயிலைவிட்டு இறங்கியபின் எவ்வளவு ஏறினார்கள் என்பது, அதே ஏற்றத்தைச் சைக்கிளில் முயன்றவருக்கு நன்றாகத் தெரியும்.

லு ஷெலார் ஒரு காலத்தில் இந்த ரயில் வலையின் நடுமையம். இன்று அதன் தொழில் நகை. தங்கமுலாம் பூசிய மோதிரமும் சங்கிலியும் செய்யும் பட்டறைகள் மலைநடுவே எப்படி வந்தன என்று வியக்கலாம். ஆற்றுநீரை நம்பிச் சிறுதொழில் செய்து பழகிய ஊர், கைத்திறனை வேறு பொருளுக்கும் திருப்பிக்கொண்டது. பழைய தோல்பதனிடும் ஆலை ஒன்று இப்போது அறிவியல் மையம். இரவு தங்குவதற்குச் சரியான இடம் இது. ஏனென்றால் மறுநாள் கணக்கு மாறுகிறது.

சேந்த் அக்ரேவ் சுமார் 1,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது இருபத்தைந்து கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் அறுநூறு மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். அப்போதும் ரயிலின் நிதானம்தான். சாலையில் வருவதுபோலத் திடீர்ச் செங்குத்து எங்கும் இல்லை. ஆனால் ஓய்வும் இல்லை. இரண்டரை, மூன்று சதவீத ஏற்றம் விடாமல் தொடையைச் சோதிக்கும். சேன் மர்த்தேன் த வலமாஸ் தாண்டினால் ரோஷ்பொன் கோட்டையின் இடிபாடு பாறைமுனையில் தெரிகிறது. கஷ்கொட்டை முடிந்து பைன் மரங்கள் தொடங்குகின்றன. காற்றின் வாசமே மாறிவிடுகிறது.

கோடையில் சைக்கிளோடு மேலே ஏற்றிவிடும் பேருந்து உண்டு. அதில் போய் இறங்கி உருண்டு வருபவர்கள்தான் அதிகம். அதில் தவறு ஒன்றுமில்லை, குழந்தைகளோடு வருபவர்களுக்கு அதுவே சரி. ஆனால் பீச் தோப்பிலிருந்து பைன் காடுவரை ஒரே நதியின் கரையில் பருவநிலை படிப்படியாக மாறுவதை உணர வேண்டுமானால் கீழிருந்து ஏற வேண்டும். இறங்குபவருக்கு அது சில மணி நேரக் காட்சி. ஏறுபவருக்கு முழுநாள்.

சேந்த் அக்ரேவில் பாதை முடிகிறது; அங்கேயே தண்டவாளம் தொடங்குகிறது. மேட்டுநிலத்தில் லு ஷம்போன், தான்ஸ் ஊர்கள் வழியாகப் பழைய மீட்டர் கேஜ் வண்டியைக் கோடையில் ஆர்வலர்கள் ஓட்டுகிறார்கள். இரண்டாம் உலகப்போரின்போது இந்தத் தடத்தில் வந்து லு ஷம்போனில் இறங்கிய யூத அகதிகளைச் சுற்றுக் கிராமத்தவர்கள் வீட்டில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். பாதிரியார் ஆந்த்ரே த்ரொக்மேயின் பெயர் அதில் முதன்மையானது. 1990இல் இஸ்ரேலின் யாத் வாஷெம் நிறுவனம் ஊர்மக்கள் அனைவரையும் சேர்த்தே கௌரவித்தது. மரி துரானின் கதையைக் கீழே கேட்டுவிட்டு வந்தவருக்கு இது தற்செயலாகத் தோன்றாது. துரத்தப்பட்ட புரொட்டஸ்டன்ட்டுகளின் வழிவந்தவர்கள் இந்த ஊர்மக்கள்.

மற்றக் கிளையின் முனையான லமாஸ்த்ரிலும் இதே கதை. அங்கிருந்து தூ நதிப் பள்ளத்தாக்கு வழியாக ரோன் கரைக்கு, மாலே எஞ்சின் இழுக்கும் சுற்றுலா ரயில் ஓடுகிறது. 'மஸ்த்ரூ' என்பது அதன் செல்லப்பெயர். 1969இல் ஆர்வலர்கள் மீட்டெடுத்தது. 2008இல் நின்று, 2013இல் மறுபடி புகை விட்டது. ஆக, இரண்டு முனைகளிலும் விளையாட்டாக ரயில் இருக்கிறது. நடுவில் சைக்கிள் தடம் இருக்கிறது.

ஊருக்கு உதவும் ரயில்தான் இல்லை. பிரான்சில் ரயில்பாதைக்கு முன்னோடியான மார்க் செகென் இந்த ஆர்தேஷின் அனோனே நகரத்தவர். சேந்த் எத்தியேன்–லியோன் ரயில்பாதையை 1830களின் தொடக்கத்தில் அமைத்தவர். அவர் பிறந்த மாவட்டத்தில் 1973க்குப் பிறகு வழக்கமான பயணிகள் ரயில் ஓடவில்லை. 1861இல் 3,80,000 பேருக்கு மேல் வாழ்ந்த மாவட்டம், ஒரு நூற்றாண்டில் இரண்டரை லட்சமாகச் சுருங்கியது. சைக்கிள்காரர் ரசிக்கும் அமைதியில் பாதி, அப்படி ஊரைவிட்டுப் போனவர்கள் விட்டுச்சென்றது. இன்று மக்கள்தொகை மீண்டும் மூன்று லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. பாதையோரக் காப்பிக்கடைகளுக்கும் விடுதிகளுக்கும் இந்தச் சரளை கொஞ்சம் சோறு போடுகிறது.

போக நினைப்பவருக்குச் சில சொற்கள். ஏப்ரல் முதல் ஜூன்வரையும், செப்டம்பரும் நல்ல காலம். கிரேவல் பைக் வேண்டுமென்பதில்லை, அகல டயர் போட்ட எந்த சைக்கிளும் போதும். மெல்லிய பந்தய டயரை மட்டும் வீட்டில் விட்டுவிடலாம். மழை பெய்தால் மணல்துகள் செயினில் அப்பிக்கொள்ளும், ஒரு பழந்துணியும் எண்ணெய்ப்புட்டியும் இருக்கட்டும். அக்டோபரில் போனால் ஊர் ஊராக நடக்கும் கஷ்கொட்டைத் திருவிழாக்களைப் பார்க்கலாம். திரும்பும்போது ரயில் பிடிக்க வேண்டுமென்றால் லா வூல்த்தில் நிலையம் தேட வேண்டாம். பாலத்தில் ரோனைக் கடந்து, எதிர்க்கரையில் பக்கத்து மாவட்டத்திலிருக்கும் லிவ்ரோனுக்குப் போக வேண்டும். சில கிலோமீட்டர்தான். அந்தப் பாலத்தில் கார்கள் வரும், பார்த்துப் போகவும்.